மச்சைத் துளைக்காத மாசிப் பனி: வீட்டுத்தோட்டம் கேள்வி – பதில்

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனி சரியாக வராமல், மழையும் எட்டிப் பார்க்காமல் போனால் மச்சுக்கு மேலே தொட்டியில் நிற்கும் செடிகள் என்ன ஆகும்? இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைச் சுற்றியே இருக்கின்றன. ‘என்ன மருந்து அடிக்கலாம்?’ என்று கேட்டிருப்பவர்களில் பலருடைய செடிக்கு மருந்து தேவையில்லை. தண்ணீரைச் சரி செய்தால் போதும்.

மாடியில் 14 மிளகாய்ச் செடிகள் வைத்திருக்கிறேன். பொங்கல் வரை நன்றாக இருந்தன. இப்போது எல்லாவற்றிலும் குருத்து சுருண்டுவிட்டது. வேப்பெண்ணெய் இரண்டு முறை அடித்தும் பயனில்லை. பனி விழுந்தால் சரியாகும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். – வாசகி, தாம்பரம்

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. பனி ஈரமும் தூறலும் பேன்களைக் கழுவிக் குறைக்கும். இலை நாள் முழுக்கக் காய்ந்தே இருந்தால், இரவிலும் வெதுவெதுப்பு நீடித்தால், அவை மளமளவென்று பெருகும். செம்பேன், சிலந்திப்பேன் வகைகள் இந்த வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஒரு தலைமுறையை முடித்துவிடுகின்றன. நீங்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மருந்து அடித்தால் இடையில் இரண்டு தலைமுறை வந்து போயிருக்கும்.

முதலில் சுருள் எந்தப் பக்கம் என்று பாருங்கள். இலையின் ஓரம் மேல்நோக்கி மடிந்து படகு போல் இருந்தால் இலைப்பேன் (திரிப்ஸ்). அடிப்பக்கத்தில் வெள்ளி பூசினாற்போல் கீறல்கள் தெரியும். ஓரம் கீழ்நோக்கி மடிந்து, இலை ஒடுங்கி, காம்பு மட்டும் நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்திப்பேன். இலை சிறுத்து, மஞ்சள் பாய்ந்து, செடியே குட்டையாக நின்றுவிட்டால் வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். அதற்கு மருந்து கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். சந்தேகமாக இருந்தால் குருத்துக்கு அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டுங்கள். ஊசிமுனை அளவில் மஞ்சளாக ஓடுபவை இலைப்பேன்கள். சிலந்திப்பேன் வெறும் கண்ணுக்குத் தெரியாது, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும்.

இலைப்பேன் என்றால்: மோசமாகச் சுருண்ட நுனிகளைக் கிள்ளிவிடுங்கள். மூன்று நாள் தொடர்ந்து காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள். நீல நிற ஒட்டுப்பொறியைச் செடியின் உச்சி உயரத்தில் கட்டுங்கள் (மஞ்சள் பொறி வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும்). பிறகு வேப்பெண்ணெய்: முதலில் ஒரு லிட்டர் தண்ணீரில் திரவ சோப்பு 1 மில்லி கரைத்து, அதன்பின் எண்ணெய் 5 மில்லி விட்டு, பால் நிறம் வரும்வரை குலுக்க வேண்டும். மாலையில், 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று முறை அடியுங்கள். எண்ணெயை நேரே தண்ணீரில் விட்டால் அது மேலே மிதக்கும். முக்கால்வாசி தெளிப்பு வெறும் தண்ணீராகப் போய், கடைசியில் வரும் எண்ணெய் இலையைக் கருக்கிவிடும். இரண்டு முறை அடித்தும் கேட்கவில்லை என்பவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இது. துணி துவைக்கும் பவுடரைப் போடாதீர்கள், அதுவும் கருக்கும்.

சிலந்திப்பேன் என்றால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். மூன்று எச்சரிக்கைகள். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடிக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் அடிக்கக் கூடாது. பக்கத்தில் வெள்ளரி, பாகல் இருந்தால் அவற்றின் மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கொடிக்காய்களுக்குக் கந்தகம் ஆகாது. கடைக்காரர் எடுத்துத் தரும் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி பேனைத் தின்னும் பூச்சிகளைத்தான் முதலில் கொல்லும். பேன் அடுத்த வாரம் இரட்டிப்பாக வரும்.

தினமும் காலை, மாலை தண்ணீர் ஊற்றியும் செடிகள் மதியம் துவண்டுவிடுகின்றன. பைக்கு அடியில் தண்ணீர் நன்றாக வடிகிறது. – வாசகர், மதுரை

நன்றாக வடிவதுதான் சிக்கல். உங்கள் மண்கலவையில் தென்னைநார்க் கழிவு அதிகம் என்று ஊகிக்கிறோம். அது ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை எளிதில் ஏற்காது. கலவை சுருங்கி, பையின் ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி விட்டிருக்கும். ஊற்றும் தண்ணீர் அந்த வழியே இறங்கித் தரைக்குப் போகிறது, வேரில் படுவதே இல்லை. பையைச் சற்றே தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிய பிறகும் பை கனக்கவில்லை என்றால் இதேதான்.

பெரிய டப்பில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, பையை 40 நிமிடம் உட்கார வையுங்கள். மேல்மண் கருத்து ஈரமானதும் எடுத்துவிடலாம். தூக்க முடியாத பை என்றால் ஒரு குவளைத் தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு மறுபடி ஒரு குவளை, இப்படி நான்கு தடவை. பின்பு ஓர இடைவெளியில் செம்மண்ணும் மண்புழு உரமும் சரிபாதியாகக் கலந்து திணியுங்கள். மேலே 2 அங்குலம் காய்ந்த சருகு அல்லது கரும்புச் சோகை பரப்பி, தண்டிலிருந்து 2 அங்குலம் தள்ளியே நிறுத்துங்கள். தண்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் அழுகலும் கரையானும் வரும்.

அளவு கேட்பீர்கள். 12 அங்குலப் பையில் காய்ப்பில் உள்ள தக்காளி, கத்தரிக்கு மாசி மாத வெயிலில் ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் பிடிக்கும். இளஞ்செடிக்கு அரை லிட்டரே அதிகம். ஆனால் விரலை 2 அங்குலம் உள்ளே விட்டுப் பார்ப்பதுதான் சரியான அளவுகோல். காலை 8 மணிக்குள் ஊற்றிவிட்டால் மாலையில் பார்த்துக்கொண்டு, தேவைப்பட்டால் மட்டும் ஊற்றலாம். மதியத் துவளல் மாலையில் தானே நிமிர்ந்தால் அது தாகம் இல்லை, வெயில். அப்போது தண்ணீரைக் கூட்டினால் வேர் அழுகும். மேற்குப் பக்கம் மட்டும் 35 சதவீத நிழல்வலை கட்டுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று 75 சதவீத வலையைப் போட்டால் செடி வளரும், காய் வராது.

10 வயது மாமரம். போன ஆண்டு தை மாதத்தில் பூத்துக் குலுங்கியது. இந்த முறை பூவுக்குப் பதில் செம்பு நிறத்தில் தளிர் வந்து நிற்கிறது. – வாசகர், சேலம்

மாவின் நுனிமொட்டு பூவாவதா இலையாவதா என்பது பூக்கும் பருவத்துக்குச் சற்று முன்னால் முடிவாகிறது. கிளைநுனி முற்றியிருக்க வேண்டும், மண் காய்ந்திருக்க வேண்டும், சில வாரங்களாவது இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இறங்க வேண்டும். குளிர் போதாத ஆண்டில் மண்ணும் ஈரமாக இருந்தால் மரம் இலை பக்கம் சாய்ந்துவிடும். மார்கழியில் மரத்தடியில் தண்ணீர் விட்டீர்களா? பாத்திரம் கழுவும் நீர் அங்கே போகிறதா? யூரியா வைத்தீர்களா? மூன்றில் ஒன்றுக்காவது ‘ஆம்’ என்று சொல்வீர்கள் என நினைக்கிறோம்.

தளிர்த்துவிட்ட கிளையில் இனி இந்தப் பருவத்துக்குப் பூ எதிர்பார்க்க வேண்டாம். மரத்தின் ஏதாவது ஒரு பக்கம் கரும்பச்சை இலையோடு, நுனிமொட்டு உறங்கிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். மாமரம் இப்படிப் பாதி பாதியாக நடந்துகொள்வது சகஜம். அந்தக் கிளைகளுக்கு மட்டும் பொட்டாசியம் நைட்ரேட் லிட்டருக்கு 10 கிராம் கரைத்து, இலை முழுக்க நனையும்படி மாலையில் தெளியுங்கள். உரக்கடையில் 13-0-45 என்று கேட்டால் தருவார்கள். பிப்ரவரி வரை பூக்காத மரத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவும் இதுவே. செம்புநிறத் தளிர் மேல் அடிப்பது வீண். பூ வந்து, பிஞ்சு பட்டாணி அளவு வரும்வரை தண்ணீர் காட்டாதீர்கள். அதன்பின் பத்து நாளுக்கு ஒரு முறை நன்றாகப் பாய்ச்சுங்கள்.

பூத்த கிளைகளில் தத்துப்பூச்சி வரும். கீழே நின்றால் அது கழிக்கும் தேன்பிசுக்கு பிசுபிசுவென்று மேலே விழும். பூங்கொத்து விரியும் முன்பே வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்துவிட வேண்டும். பூ மலர்ந்தபின் பூச்சிமருந்து எதை அடித்தாலும் ஈயும் தேனீயும் ஒதுங்கிவிடும், காய்ப்பிடிப்பு போகும். பூவில் வெள்ளைப் பொடி படிந்தால் சாம்பல் நோய்: நனையும் கந்தகம் 2 கிராம். ஓர் ஆறுதல் உண்டு. வறண்ட பருவத்தில் பூவைக் கருக்கும் பறவைக்கண் நோய் குறைவாகவே இருக்கும்.

தக்காளியில் பூ காம்போடு உதிர்கிறது. தப்பிப் பிழைத்த காய்களின் அடி கருத்துப் போகிறது. முட்டை ஓட்டுப் பொடி போட்டுப் பார்த்தாயிற்று. – வாசகி, கோவை

இரண்டும் வேறு வேறு. இரவு வெப்பம் 21 டிகிரிக்குக் கீழே இறங்காத நாள்கள் தொடர்ந்தால் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரத் தொடங்கும். குளிர் சீக்கிரம் விடைபெற்றால் தக்காளிப் பருவமும் சீக்கிரம் முடியும். காலை 8 முதல் 10 மணிக்குள் பூக்கொத்தை விரலால் சுண்டிவிடுங்கள். முடிந்தவரை காய் பிடிக்கும்.

அடி கருப்பது சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராததால். மண்ணில் இல்லை என்று பொருள் அல்ல. ஆழ்குழாய்த் தண்ணீரில் அது வேண்டிய மட்டும் இருக்கிறது. அந்தச் சத்து தண்ணீரோடுதான் பயணம் செய்யும். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் பயணம் தடைபடும், காயின் கடைக்கோடியில் முதலில் தெரியும். முட்டை ஓடு மட்கிக் கரைய மாதக்கணக்கில் ஆகும். அடுத்த தக்காளிக்கு உதவலாம், இதற்கு உதவாது. கருத்த காய்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, சருகு பரப்பி மூடாக்குப் போட்டு, தினமும் ஒரே அளவில் தண்ணீர் விடுங்கள். யூரியா, புதுச் சாணக்கரைசல் இரண்டையும் நிறுத்துங்கள்.

பனி இல்லாததால்தான் அவரை பூக்கவில்லையா? கொடி பந்தல் முழுக்கப் படர்ந்திருக்கிறது. – வாசகர், திருவண்ணாமலை

இல்லை. பந்தல் அவரை பனிக்காகக் காத்திருப்பதில்லை, பகல் குறுகுவதற்காகக் காத்திருக்கிறது. இரண்டும் ஒரே மாதத்தில் வருவதால் பெயர் பனிக்குப் போய்விட்டது. பந்தலுக்கு மேல் தெருவிளக்கு இரவு முழுக்க எரிகிறதா என்று பாருங்கள். கொடிக்கு அதுவும் பகல்தான். எரு அதிகமானாலும் இலையாகவே ஓடும். மார்கழி பிறந்த ஒரு வாரத்திலேயே பகல் நீளத் தொடங்கிவிடுவதால் இனிக் கொடியை வைத்துக் காத்திருப்பதில் பயன் குறைவு. வெட்டி மூடாக்காகப் போட்டுவிடுங்கள். அடுத்த முறை விளக்கொளி படாத இடத்தில், ஆடியில் விதையுங்கள்.

கார்த்திகையில் குண்டுமல்லியைக் கவாத்து செய்ய மறந்துவிட்டேன். இப்போது வெட்டலாமா? – வாசகி, திண்டுக்கல்

நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டுவது முறை. மார்ச் முதல் பூ வரும். இப்போது அந்த அளவுக்கு வெட்டினால் பருவத்தின் முற்பகுதியை இழப்பீர்கள். காய்ந்த குச்சி, உள்நோக்கி வளர்ந்தவை, பென்சிலைவிட மெல்லிய கிளைகள், இவற்றை நீக்கி, மீதியின் நுனியில் ஒரு சாண் மட்டும் வெட்டுங்கள். இலைகளைக் கையால் உருவிவிடலாம். தரைச்செடிக்கு மக்கிய தொழு உரம் 10 கிலோ, தொட்டிக்கு இரண்டு கைப்பிடி. வெட்டிய மறுநாளே தண்ணீரைக் கொட்டாமல் நான்கைந்து நாள் விட்டுப் பாய்ச்சுங்கள்.

வறண்ட மாசியில் மல்லிக்கு வரும் தனி வியாதி ஒன்று: இலை, தண்டு, மொட்டின் மேல் வெள்ளைக் கம்பளி ஒட்டினாற்போல் இருக்கும். பூஞ்சை என்று நினைத்துப் பூஞ்சைக்கொல்லி வாங்குவார்கள். அதுவும் ஒரு பேன்தான். கண்ட கிளையை வெட்டி எரித்துவிட்டு, நனையும் கந்தகம் 2 கிராம் அடியுங்கள்.

கறிவேப்பிலையின் புதுத்தளிர் மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக வருகிறது. தொட்டியின் மேல் உப்புப் பூத்திருக்கிறது. – வாசகி, வேளச்சேரி

இளந்தளிர் மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச்சத்துக் குறை. (அடி இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.) உங்கள் மண்ணில் இரும்பு இருக்கும். உவர்நீர் மண்ணைக் காரமாக்கியதால் வேரால் எடுக்க முடியவில்லை. மழை பெய்திருந்தால் உப்பைக் கரைத்து வெளியேற்றியிருக்கும். இப்போது அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டும்.

மேலே உள்ள வெள்ளைப் படலத்தை அரை அங்குல மண்ணோடு சுரண்டி எடுங்கள். 20 லிட்டர் தொட்டி என்றால் 40 முதல் 60 லிட்டர் நல்ல தண்ணீரை ஒரு மணி நேரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, முழுவதும் வடியவிடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் உப்பு திரும்ப ஏறும். மூன்று நாள் கழித்து, அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், அரை எலுமிச்சம்பழச் சாறு, ஒரு லிட்டர் தண்ணீர் கலந்து மாலையில் தளிர்கள் மேல் தெளியுங்கள். பத்து நாள் விட்டு இன்னொரு முறை. கரைசல் பழுப்பாக மாறிவிட்டால் கொட்டிவிடுங்கள், பழைய கரைசல் பலன் தராது. வெள்ளைச் சுவரிலும் டைல்ஸிலும் துரு நிறத்தில் கறை படியும், கவனம். இதற்குப் பின் புளித்த மோர் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வேரில்.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். குழாயில் வரும் உப்பைவிட அதில் உப்பு அதிகம். மாசியிலேயே ஏசி ஓடத் தொடங்கிவிட்ட வீடுகளில் அதன் குழாயில் சொட்டும் நீரை வாளியில் பிடியுங்கள். அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. கறிவேப்பிலைக்கு அது ராஜ உபசாரம்.

பகலில் ஸ்வெட்டரே வேண்டாம் என்கிற அளவுக்கு இதமாக இருக்கிறது. பனிக்காலம் முடிந்தது என்று செடிகளுக்குப் போட்ட போர்வையை எடுத்துவிடலாமா? – வாசகி, உதகை

வேண்டாம். பகல் இதமாக, வானம் மேகமின்றி, காற்று வறண்டு இருக்கிற இரவுதான் உறைபனிக்கு ஏற்றது. காற்றில் ஈரமும் மேலே மேகமும் இருந்தால் தரையின் சூடு மெதுவாகத்தான் வெளியேறும். இரண்டும் இல்லாதபோது விடியற்காலைக்குள் தரைமட்டம் உறைநிலைக்குப் போய்விடும். சரிவில் உள்ள தோட்டத்தைவிடப் பள்ளத்தில் உள்ள தோட்டம் அதிகம் அடிபடும், குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கித் தேங்குவதால்.

இதமான பகலை நம்பித் துளிர்விட்ட செடிகளே இப்போது ஆபத்தில் இருக்கின்றன: ஹைட்ரேஞ்சியா, ஃபியூஷியா, ஜெரானியம், உருளைக்கிழங்கு. பிற்பகலில் மண்ணை நனையுங்கள். ஈரமண் காய்ந்த மண்ணைவிடச் சூட்டைத் தேக்கி வைக்கும். சூரியன் மறையும் முன் சாக்கு அல்லது பழைய பருத்தித் துணியைக் குச்சி நட்டுக் கூடாரம் போல் போட்டு, ஓரம் தரையைத் தொடும்படி விடுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையில் ஒட்டினால் ஒட்டிய இடம் கருகும். காலை வெயில் வந்ததும் எடுத்துவிடலாம். கருகிய நுனிகளை உடனே வெட்டாதீர்கள். பனி முற்றாக ஓயும் வரை அவை உள்ளே இருக்கும் மொட்டுக்குக் குடை.

தென்னை ஓலையின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள். கீழே இருக்கும் கொய்யா, வாழை எல்லாம் கரி பூசினாற்போல் கறுத்துவிட்டன. – வாசகர், பொள்ளாச்சி

சுருள் வெள்ளை ஈ. இந்தியாவில் 2016இல் முதலில் கண்டது உங்கள் பக்கத்தில்தான். மழையில்லாத மாதங்களில் பெருகும். கறுப்பு என்பது அது கழிக்கும் தேன்பிசுக்கின் மேல் வளரும் பூசணம். மைதா 25 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் காய்ச்சிப் பசையாக்கி, ஆறியபின் இலைமேல் தெளித்தால் காய்ந்து செதிலாக உரியும், கறுப்பும் கூடவே வரும். ஓலையின் அடிப்பக்கத்தில் விசையோடு தண்ணீர் அடியுங்கள். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாளைத் தண்டில் கட்டுங்கள். பூச்சிக்கொல்லி வேண்டாம். ஈயின் குஞ்சுகளில் சில கறுத்திருந்தால் என்கார்சியா என்னும் ஒட்டுண்ணிக் குளவி உள்ளே முட்டையிட்டிருக்கிறது என்று பொருள். 2008இல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியதும் மருந்தல்ல, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட குளவிகள்தான்.

கொத்தமல்லி ஒரு சாண் வளர்வதற்குள் பூத்துவிடுகிறது. காலிஃபிளவர் கட்டியாகத் திரளாமல் விரிகிறது. – வாசகி, திருச்சி

இரண்டும் குளிருக்கான பயிர்கள். இந்த வெப்பத்தில் வேறெப்படி நடந்துகொள்ளும்? காலிஃபிளவரை விரிந்தவரை சமைத்துவிடுங்கள். கொத்தமல்லியை 50 சதவீத நிழலில், இரண்டு வாரத்துக்கு ஒரு தொட்டி வீதம் விதைத்து, 35 நாளில் வேரோடு பறித்துவிடுங்கள். காத்திருந்தால் பூதான்.

இவ்வளவு வறட்சியில் இப்போது எதையாவது விதைக்கலாமா? – வாசகர், விழுப்புரம்

தாராளமாக. வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, சுரை, பீர்க்கு, பூசணி எல்லாம் சூட்டை விரும்புபவை. வெண்டை விதையை இரவு ஊறவைத்து ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றி, முளைக்கும்வரை ஈரச்சாக்கால் மூடுங்கள். கொடிக்காய்களில் வெயில் ஏற ஏற ஆண்பூ அதிகமாகும், பெண்பூ குறையும். அதனால் வருகிற பெண்பூவை வீணாக்காமல் கையால் மகரந்தம் சேர்ப்பது நல்லது. அன்று மலர்ந்த ஆண்பூவின் இதழை உரித்துவிட்டு, பிஞ்சோடு இருக்கும் பெண்பூவின் நடுவில் தடவ வேண்டும். நேரம் முக்கியம். பூசணிக்குக் காலை 6 முதல் 8 மணி. சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்பவை, அவற்றுக்கு 6 மணிக்கு மேல் போங்கள். காலையில் போய் நின்றால் நேற்று மலர்ந்து வாடிய பூதான் கிடைக்கும்.